பின்னால் நின்றவள்

பாரம் ஐந்து, அதாவது பதினோராம் வகுப்பு, மாணவர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த நாட்களில், 'டிரைவிங் ஃபோர்ஸ்' என்ற சொற்றொடரை வைத்து வாக்கியம் எழுதச் சொல்வேன். வகுப்பில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். என் முன்னேற்றத்துக்குப் பின்னால் இருக்கும் டிரைவிங் ஃபோர்ஸ் என் அம்மா. மீதிப் பேர் அம்மாவை எடுத்துவிட்டு அப்பாவைப் போட்டிருப்பார்கள். இலக்கணத்தில் குறை இருக்காது. சரி போட்டுத் திருப்பிக் கொடுப்பேன், ஆனால் எரிச்சலாக வரும்.

ஆளைத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, பசியைச் சொல்லலாம், பயத்தைச் சொல்லலாம், பொறாமையைக்கூடச் சொல்லலாம் என்று ஒவ்வொரு வருடமும் விளக்கிப் பார்ப்பேன். யார் கேட்டார்கள்? ஒரே ஒரு பெண் மட்டும் ஒரு முறை, தன் படிப்புக்குப் பின்னால் இருக்கும் டிரைவிங் ஃபோர்ஸ் தன் சித்தி மீதுள்ள கோபம் என்று எழுதியிருந்தாள். அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். பக்கத்தில் 'மிக நன்று' என்றும் எழுதினேன்.

நாளிதழ்களில் இதை உந்துசக்தி என்று எழுதுகிறார்கள். சொல் சரிதான். ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் கோபமோ ரோஷமோ வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு இந்தச் சொற்றொடர் அகராதி வழியாக வரவில்லை. கேமரன் மலையில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ் வாசலில், கிராணியின் வாயிலிருந்து வந்தது. எங்களை வீட்டை விட்டு அனுப்பிய சொல் அது. அந்த ஆளை 'அவர்' என்று எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. நேரில் பார்த்தபோதெல்லாம் ஐயா, ஐயா என்று கூப்பிட்டாயிற்று. இங்கேயாவது அவன் என்று எழுதிக்கொள்கிறேன்.

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர். துரைக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பவன். துரை சொல்வது அவன் வாய் வழியாகத்தான் எங்களுக்கு வரும். நாங்கள் சொல்வதும் அப்படித்தான் போகும். போகிற வழியில் என்ன ஆகும் என்பது அவனுக்கும் சாமிக்கும்தான் தெரியும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, எதுவானாலும் பொதுக் காரியம் என்றால் ஒருவர் எழுந்து "நான் முன்ன நிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். காரியம் கெட்டால் பழி அவருக்கு, நன்றாக நடந்தால் பேரும் அவருக்கு. ஆனால் அவர் சொன்னது மட்டும் போதாது. உறவு இல்லாத ஒருவர் எழுந்து "நான் பின்ன நிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். வீட்டு ஆள் சொன்னால் செல்லாது. பெற்றவளும் கட்டியவளும் எப்படியும் பின்னால் நிற்பார்கள், அதில் என்ன இருக்கிறது? வெளியாள் ஒருவர் சொன்னால்தான் மதிப்பு. ஒருவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் "நாங்களும், நாங்களும்" என்று சேர்ந்துகொள்வார்கள்.

காரியம் முடிந்த பிறகும் ஒரு முறை கேட்பார்கள். முன்ன நின்றது யார், பின்ன நின்றது யார் என்று. முன்ன நின்றுவிட்டு இல்லை என்று சொன்னவர் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். முன்ன நின்றேன் என்று சொல்லியும் பின்னால் ஒருவரும் இல்லாமல் போனால் அது அதைவிடக் கேவலம். ஒத்தையாய் நின்றவன் என்று பெயர் ஆகிவிடும், அந்தப் பெயர் போகாது. இன்னொன்றும் உண்டு. முதலில் பின்ன நின்றவருக்கு, முன்ன நின்றவர் கடைசி வரைக்கும் கட்டுப்பட்டவர். அவர் வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதல் வெற்றிலை அந்த ஆளுக்குத்தான். தானே தட்டை ஏந்திக்கொண்டு, அந்த ஆள் எங்கே இருந்தாலும் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் கிராணிக்குத் தெரியும். எங்கள் கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தானே.

எழுபதுகளின் நடுவில் நான் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அம்மாவோடு நானும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனேன். அந்த வருடம் மழையும் குளிரும் விடாமல் இருந்தது. விடியலில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே வரிசையாகத் தொட்டில் கட்டியிருக்கும், நடுவில் ஒரு கரி அடுப்பு எரியும். அந்த அடுப்புக்கு ஆபீஸ்தான் கரி கொடுக்க வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் கரி வருவது நின்றுவிட்டது. ஆயா கேட்டாள், கங்காணி கேட்டார். "ஸ்டோர்ல இல்ல, வந்ததும் தர்றேன்" என்றான் கிராணி. அதே நேரத்தில் ஆபீஸ்காரர்கள் சீட்டாடும் கிளப்பில் தினமும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கிளப்பைக் கூட்டுகிற பெண் எங்கள் லயத்துக்காரிதான். அவள் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் ஆண் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய் வெளியே வந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் கூடினார்கள். அம்மா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கு கூடை கவுப்போம். நான் முன்ன நிக்கிறேன்" என்றாள். உடனே எழுந்த குரல், குழந்தையை ஆஸ்பத்திரியில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்த அந்த அக்காவுடையது. "நான் பின்ன நிக்கிறேன்" என்றாள் அழுதுகொண்டே. பிறகு எல்லாரும் சொன்னார்கள். அந்தக் குழாயடியில் சொல்லாத வாய் இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகும் முன் பேர் கூப்பிடும் இடத்தில், பெண்கள் எல்லாரும் கூடையைத் தரையில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டோம். கங்காணி பேர் கூப்பிடக் கூப்பிட ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. துரை வந்தார். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர், தமிழ் தெரியாது. நாங்கள் கை காட்டிய கொட்டகைக்குள் போய்த் தொட்டில்களைத் தொட்டுப் பார்த்தார், அணைந்து கிடந்த அடுப்பையும் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் கரி மூட்டை வந்து இறங்கியது. நாங்கள் கூடையை நிமிர்த்தி மாட்டிக்கொண்டு மலை ஏறினோம். பாட்டுப் பாடிக்கொண்டு போனதாகக்கூட ஞாபகம்.

கிராணிக்கு முகம் செத்துவிட்டது. கரி எங்கே போனது என்று துரை கேட்டால் அவன் வண்டவாளம் வெளியே வரும். அதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அடுத்த நாளே விசாரணை என்று எல்லாரையும் ஆபீஸ் வாசலுக்கு வரச் சொன்னான்.

துரை வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் கைகட்டி நின்ற கிராணி, எங்கள் கூட்டத்தில் அம்மாவைக் கை நீட்டிக் காட்டினான்.

"ஷீ இஸ் த டிரைவிங் ஃபோர்ஸ் பிஹைண்ட் திஸ், சார்."

எனக்கு அந்த வாக்கியத்தின் சொற்கள் தெரியும், சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது அப்போது பிடிபடவில்லை. லோரி ஓட்டுவதைப் பற்றி என்னவோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவன் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்.

"துரை கேக்குறாரு. கூடை கவுத்ததுக்கு நீதான் முன்ன நின்னியா?"

இதை நான் எத்தனையோ முறை திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். அவன் "நீதான் தூண்டி விட்டியா" என்று கேட்டிருக்கலாம். துரைக்குச் சொன்னதற்கு நேரான தமிழ் அதுதான். அப்படிக் கேட்டிருந்தால் அம்மா, "யாரும் யாரையும் தூண்டலங்க, எல்லாரும் பேசித்தான் செஞ்சோம்" என்று சொல்லியிருப்பாள். அது உண்மையும்கூட. ஆனால் முன்ன நின்றாயா என்று கேட்டால் லயத்தில் பிறந்த யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. அவன் தெரிந்துதான் கேட்டான். ஆங்கிலத்தில் அம்மாவைப் பின்னால் வைத்தான், தமிழில் முன்னால் இழுத்தான்.

"ஆமாங்க. நான்தான் முன்ன நின்னேன்" என்றாள் அம்மா. அவள் குரலில் பெருமை இருந்தது. அடுத்த குரலுக்காகக் காத்திருந்தாள். அதுதானே வழக்கம்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா தன் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று தேடுவதுபோல் குனிந்திருந்தாள். மற்றவர்கள் ஆபீஸ் கூரையைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைப் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். மகள் சொன்னால் செல்லாது. சொல்லி அசிங்கப்பட வேண்டாம் என்று அந்தப் பிடிக்கு அர்த்தம்.

துரைக்கு என்ன புரிந்ததோ, ஒருத்தி ஒப்புக்கொண்டாள், மற்றவர்கள் அவளோடு இல்லை என்பது மட்டும் புரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு வேலை போனது. வேலை போனால் லயத்து வீடும் போகும். கரி எங்கே போனது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

காய்கறி லோரி ஒன்றைப் பிடித்துச் சாமான்களை ஏற்றினோம். கட்டிலைத் தூக்க ஒரு கை வரவில்லை. பகலிலேயே கதவுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். லோரி கிளம்பும்போது ஆயாக் கொட்டகையின் தகரக் கூரை வழியாகப் புகை போய்க்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்து, "கரி போட்டுட்டாங்க" என்றாள். எனக்கு அந்தக் கொட்டகையையே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

அதே மலையில், கோலா தெர்லாவில் ஒரு தமிழ்க் காய்கறித் தோட்டக்காரர், காய்கறி கட்டும் கொட்டாய்க்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை கொடுத்தார். அம்மா களை எடுத்தாள், முள்ளங்கி பிடுங்கினாள், தொட்டித் தண்ணீரில் அதைக் கழுவிக் கூடையில் அடுக்கினாள். பரீட்சை முடிவு வந்தது. எனக்கு ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது. அன்று நான் ஒரு முடிவு எடுத்தேன். அவன் பிழைப்பு அந்த ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாது என்பதால்தான் அவன் நடுவில் நிற்க முடிகிறது. அதை நான் அவனைவிட நன்றாகக் கற்றுக்கொள்வேன். ஒரு நாள் அவனுக்கும் மக்களுக்கும் நடுவில் நான் நிற்பேன்.

சேவை, இலட்சியம் என்றெல்லாம் ஆசிரியர் வேலைக்கு வந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அதெல்லாம் கிடையாது. கீழே சமவெளியில் பயிற்சிக் கல்லூரியில் மற்றப் பெண்கள் வீட்டை நினைத்து அழுவார்கள். நான் அவனை நினைத்துக்கொண்டு படிப்பேன். தூக்கம் வந்தால் அந்த நீட்டிய கையை நினைத்துக்கொள்வேன், தூக்கம் போய்விடும். 'டிரைவிங் ஃபோர்ஸ்' எந்தெந்த இடத்தில் வரும் என்று தேடித் தேடிப் படித்தேன். தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டால் அது தம்பட்டம், அடுத்தவர்தான் சொல்ல வேண்டும். பாராட்டு விழாவில் சொன்னால் மாலை விழும், விசாரணையில் சொன்னால் வேலை போகும். பெரும்பாலும் பின்னால் 'பிஹைண்ட்' வரும். கெட்டுப் போன லோரியைத் தள்ளுகிறவன் பின்னால்தானே நிற்க வேண்டும். ஓட்டுகிற இடத்தில் அவன் முகம் தெரியாது.

வேலை கிடைத்ததும் மலைக்கே மாற்றல் கேட்டேன். குளிர் ஆகவில்லை என்று மற்றவர்கள் மலையை விட்டு ஓடிக்கொண்டிருந்த காலம். மேலதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தானா ராத்தாவில் இடம் கொடுத்தார்கள்.

எண்பதுகளில் அவன் பெரிய கிராணி ஆகியிருந்தான். இன்னும் கொஞ்ச காலத்தில் வேலையிலிருந்து ஓய்வு. போவதற்குள் பேர் எடுத்துவிட வேண்டும் என்று தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புதுப்பிக்கக் கிளம்பினான். லயத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மண் சுமந்தார்கள், கல் சுமந்தார்கள். அவன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். ஆபீஸ் உத்தரவாகத் தொடங்கிய வேலை என்பதால், முன்ன நிற்பது யார், பின்ன நிற்பது யார் என்ற பேச்சு ஆரம்பத்தில் எழவே இல்லை. கும்பாபிஷேகத்தன்று முன்ன நின்றவர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அந்தத் துணி தன் தலையில் ஏற வேண்டும், லயத்து மக்கள் வாயால் பேர் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவனுக்கு அவ்வளவுதான் ஆசை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தான். தலை நரைத்திருந்தது, சிரிப்பு நரைக்கவில்லை.

"டீச்சர், கும்பாபிஷேகத்துக்கு கோலாலம்பூர்லேருந்து பெரிய துரை வர்றாரு. இங்கிலீஷ்லதான் பேசுவாரு. நம்ம கிழடுங்களுக்குத் தமிழ்ல எடுத்துச் சொல்லணும். நீங்கதான் மைக் பிடிக்கணும்."

"சரிங்க ஐயா" என்றேன்.

"அம்மா நல்லா இருக்காங்களா? அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பழசெல்லாம் இனிமே எதுக்குலா."

எதுக்குலா. எங்கள் ஊர்ப் பேச்சில் செல்லமாக ஒட்டும் அந்த 'லா'வைக் கேட்டபோது என் கையில் பிரம்பு இருந்தது. பத்திரமாக மேசைக்குள் வைத்துவிட்டேன்.

அந்த வாரமே தோட்டத்துக்குப் போனேன். எந்த வாசலில் எங்கள் கட்டில் தனியாகக் கிடந்ததோ அதே லயத்தில் கதவு கதவாகத் தட்டினேன். டீச்சர் வந்திருக்கிறாள் என்று நாற்காலி போட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சைத்தான் பேசினேன். "அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல எங்கம்மாவுக்கு சும்மா நின்னீங்கல்ல, ஞாபகம் இருக்கா? கும்பாபிஷேகத்தன்னிக்கும் அதே மாதிரி சும்மா நில்லுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "புள்ளைய வச்சிக்கிட்டு நானும் ரோட்டுல நிக்கணுமேன்னு பயந்துட்டேன்டி."

"பயந்தது சரிதான்கா. இப்ப பயப்பட ஒண்ணுமில்ல. சும்மா இருக்கத்தான் சொல்றேன். உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."

கொடுமையான பேச்சுத்தான். எனக்கு இனித்தது.

அம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன். களை எடுத்துக்கொண்டே கேட்டாள். நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நானும் வர்றேன். சாமிக்குப் பூ கொண்டாறேன்" என்றாள். லோரி நிறையச் செவ்வந்தி ஏற்றிக்கொண்டு, வெளியேறிய பிறகு முதல் முறையாக அந்தத் தோட்டத்துக்கு வந்தாள்.

குடம் ஊற்றி முடிந்ததும் பனி இறங்க ஆரம்பித்தது. பந்தல் நிறையச் சனம். பெரிய துரை எழுந்து பேசினார். கோயில் அழகாக இருக்கிறது என்றார், தோட்டம் ஒரு குடும்பம் என்றார். பிறகு, பெரிய கிராணி எழுதிக் கொடுத்தானோ தானாகவே வந்ததோ, இந்தக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் டிரைவிங் ஃபோர்ஸ் இவர்தான் என்று கிராணியின் தோளில் கை வைத்தார்.

உந்துசக்தி என்று சொல்லியிருந்தால் எல்லாரும் கை தட்டியிருப்பார்கள், அந்தச் சத்தத்திலேயே கேள்வி இல்லாமல் துணியும் தலையில் ஏறியிருக்கும். நான் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனேன்.

"இந்தக் கோயிலுக்கு முன்ன நின்னவரு நம்ம கிராணி ஐயாதான்னு துரை சொல்றாரு."

கிராணி என்னைப் பார்த்தான். அவனுக்கு உடனே புரிந்தது. புரிந்தும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை, எழுந்து கும்பிடத்தான் வேண்டியிருந்தது. பூசாரி பரிவட்டத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்து வழக்கப்படி கேட்டார்.

"பின்ன நிக்கிறது யாரு?"

சத்தமே இல்லை. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி பாதி எழுந்து, செல்லாது என்று நினைவு வந்து உட்கார்ந்தாள். கோயில் கமிட்டி ஆட்களிடம் நான் பேசவே இல்லை, ஆனால் அவர்களும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கே புதிதாக இருந்தது. பூசாரி இரண்டாம் முறை கேட்டார். கிராணியின் கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. நான் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இதற்காகத்தானே படித்தேன்.

பெரிய துரை என் பக்கம் குனிந்து, எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருக்குப் பின்னால் இருக்கும் ஃபோர்ஸைத் தேடுகிறார்கள், சார் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். கிராணிக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் பின்ன நிக்கிறேன்."

அம்மா. மடியில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழைத் தட்டிவிட்டு எழுந்து நடந்து வந்தாள். வழி விட்டார்கள். எனக்கு மைக்கை அப்படியே தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. முன்ன நின்றவர் திரும்பி, பின்ன நின்றவரைக் கும்பிட்டு வெற்றிலை கொடுக்க வேண்டும். அவன் திரும்பினான். தட்டு சாய்ந்து அதிலிருந்த பாக்கு உருண்டு விழுந்தது. அம்மா பொறுமையாகக் குனிந்து அதை எடுத்துத் தட்டிலேயே வைத்தாள். பிறகு வெற்றிலையை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் லயம் வாயைத் திறந்தது. "நாங்களும்" என்று முதலில் கத்தியது பக்கத்து வீட்டு அக்கா. பந்தல் முழுக்க "நாங்களும், நாங்களும்" என்றது. ஆனால் ஒருத்தியும் கிராணியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆபீஸ் வாசலில் வராத குரல்கள் அன்று வந்தன. அவன் தலையில் துணியைக் கட்டினார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பிப் போகும் லோரியில் நான் அம்மாவைப் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கியா பார்ம் ஊரைத் தாண்டியதும் அடக்க முடியவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணுன? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா ஒத்தையா நின்னிருப்பான். எத்தன வருஷமா நான் இதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்."

அம்மா முந்தானையை அவிழ்த்து அந்த வெற்றிலையைப் பார்த்துவிட்டு மறுபடியும் முடிந்துகொண்டாள்.

"ஒத்தையா நின்னா என்ன ஆவும்? இன்னிக்கு தலை குனிவான். அடுத்த மாசம் வேலை முடிஞ்சி கீழ எங்கனாச்சும் போயிருவான். அங்க யாருக்கு இவன் கத தெரியும்?" என்றாள். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, "அவன் மகளுக்கு மாப்பிள்ள முடிஞ்சிருச்சாம். தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவன் வந்தான். வராமல் இருக்க முடியாது. பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் வெற்றிலை வைக்கவில்லை என்றால் மகள் கல்யாணத்தில் லயத்து ஆள் ஒருவர்கூட இலை முன் உட்கார மாட்டார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கோலா தெர்லாவில்தான் இருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது, பண்ணை முழுக்கச் சேறு. கார் உள்ளே வர முடியாமல் சாலையிலேயே நிறுத்திவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வெற்றிலைத் தட்டோடு காய்கறிக் கொட்டாய் வரைக்கும் நடந்து வந்தான். செருப்பு சேற்றில் மாட்டி ஒரு முறை கழன்றது.

அம்மா தொட்டி ஓரம் உட்கார்ந்து முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் வந்து நின்று தட்டை நீட்டினான்.

"மகளுக்குக் கல்யாணம். முதல் வெத்தல உங்களுக்குத்தான். வந்து நடத்திக் கொடுக்கணும்."

அம்மாவை அவன் 'உங்களுக்கு' என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை.

அம்மா நிமிர்ந்து சிரித்தாள். நல்ல சிரிப்பு, விருந்தாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு. "வாங்க ஐயா. குளிருதா? அங்க ஆயாக் கொட்டாயில இப்பயும் கரி போடுறாங்கல்ல?"

அவன் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். தட்டு அவன் கையிலேயே இருந்தது. வெற்றிலைத் தட்டை வாங்கும் வரை கீழே வைக்கக்கூடாது.

"கொஞ்சம் நில்லுங்க ஐயா, கை ஈரமா இருக்கு" என்று அம்மா அடுத்த முள்ளங்கியை எடுத்தாள்.

அன்று லோரிக்குப் போக வேண்டிய முள்ளங்கி நிறையக் கிடந்தது. ஒன்றைக்கூட விடாமல், வேர் நுனியில் இருந்த மண்ணைக்கூடக் கட்டைவிரலால் தேய்த்து, எல்லாவற்றையும் கழுவி முடித்த பிறகுதான் அம்மா கையைத் துடைத்தாள்.